வாராக்கடனாகும் பி.டி. பீரியட்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி, "உனக்கு எந்த பீரியட் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே செய்யாது. "பி.டி. பீரியட்!" வாரத்துக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்றைக் கணக்கு டீச்சர் "போர்ஷன் முடியல" என்று கடன் வாங்கிக்கொள்வார். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இன்னொன்றை அறிவியல் டீச்சர் கடன் வாங்குவார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததாக எந்தப் பள்ளியின் சரித்திரத்திலும் இல்லை. வணிகவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வாராக்கடன்.

பொதுவாகவே எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதானே, இதில் கிறிஸ்தவப் பள்ளிகளை மட்டும் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வடசென்னையின் துறைமுகப் பகுதியில் பள்ளிக்கூடம் என்ற ஒன்றைப் பல குடும்பங்களுக்கு முதன்முதலில் காட்டியவை மிஷன் பள்ளிகள்தான். இன்றும் ராயபுரத்தில் நாலு தெரு நடந்தால் ஒரு கத்தோலிக்கப் பள்ளியோ சி.எஸ்.ஐ. பள்ளியோ கண்ணில் படும். அங்கே படிப்பவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. துறைமுகத்தில் வேலை செய்பவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், மணலியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர் எல்லோரும் "சிஸ்டர் ஸ்கூல்ல சேர்த்தா ஒழுக்கமா வளரும்" என்று நம்பிச் சேர்க்கிறார்கள். அந்த 'ஒழுக்கம்' என்ற சொல்லுக்குப் பள்ளியில் நியமிக்கப்பட்டிருக்கும் காவல்காரர்தான் பி.டி. மாஸ்டர்! சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொடக்கப் பிரிவில் அவர் என்னென்ன செய்கிறார் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். காலை வழிபாட்டுக்கு வரிசை கட்ட வைக்கிறார். "அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்" சொல்கிறார். நகம், தலைமுடி, ஷூ பார்க்கிறார். தாமதமாக வந்தவர்களை கேட் அருகே நிறுத்தி வைக்கிறார். தாளாளர் ஃபாதர் வந்தால் மைக் செட் சரி பார்க்கிறார். ஆண்டு விழாவுக்கு நாற்காலி எண்ணுகிறார். ஆயர் வருகிறார் என்றால் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்க இரண்டு வாரம் பயிற்சி கொடுக்கிறார். ஸ்போர்ட்ஸ் டே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மார்ச் பாஸ்டுக்கு ஒரு மாதம் போய்விடும். எல்லாம் செய்கிறார், உடற்கல்வி தவிர. அதுவும் அவர் என்று ஒருவர் இருந்தால்! பல பள்ளிகளில் தொடக்கப் பிரிவுக்கென்று தனி ஆளே கிடையாது. மேல்நிலைப் பிரிவின் மாஸ்டர், மண்டலப் போட்டிக்கு டீம் தயார் செய்த நேரம் போக, மிச்சமிருக்கும் நேரத்தில் கீழே இறங்கி வந்து ஒரு பந்தைப் போட்டுவிட்டுப் போகிறார்.

இதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கு இருக்கிறது. 6 முதல் 8 வகுப்பு வரை உள்ள பள்ளியில் 100 பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால், ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரைக்கு? ஒரு வரி கூட இல்லை. விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அதாவது மைதானம் உண்டு, பந்து உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் மட்டும் கிடையாது. நூலகம் கட்டி, புத்தகம் அடுக்கி, வாசிக்கக் கற்றுத்தர மாட்டோம் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் டி.பி.எட். என்ற இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. அது 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பிக்க ஆசிரியர்களை உருவாக்கும் படிப்பு. படிப்பு ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது, வேலையோ ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்களே, அவர்களில் இருந்த உடற்கல்வி ஆசிரியர்களும் 6 முதல் 8 வரைக்குத்தான். அந்த 5,000 ரூபாய் 12,500 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தனி சோகக் கதை.

சரி, கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு வருவோம். 2014 மே 6 அன்று பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. (அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் ஐயம் எழுப்பியதும் உண்டு. அது வேறு விவாதம்.) தன் பள்ளியைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு கொடுத்தது. நல்லது. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு பி.டி. டீச்சர் போடச் சொல்லவில்லையே" என்று மட்டும் சொல்ல முடியாது. உனக்குப் பொருந்தாத சட்டம் என்று ஒரு பக்கம் விலகி நின்றுவிட்டு, அந்தச் சட்டத்தின் ஓட்டைக்குள் மட்டும் எப்படி வந்து உட்காரலாம்?

உண்மையில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு சொத்து இருக்கிறது. பரம்பரைச் சொத்து. அதை அவர்களே மறந்துவிட்டதுதான் ஆச்சரியம்.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உள்ளே சின்ன உடற்பயிற்சிக் கூடம். அதில் 18 இளைஞர்கள் கொண்ட ஒரு வகுப்பு. டிரில், தண்டால் என்று தினமும் அதையே செய்து சலித்துப்போய் ஆசிரியர்களைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் லூதர் குலிக், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரைக் கூப்பிட்டு, 14 நாளில் இந்த இடத்துக்குள் விளையாடக்கூடிய ஒரு புது ஆட்டம் கண்டுபிடி என்றார். நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அவர் பிரம்பை எடுக்கவில்லை, யோசித்தார். பந்தோடு ஓடவிட்டால்தானே இடித்துத் தள்ளுவார்கள்? அதனால் பந்தோடு ஓடக்கூடாது. கோல் தரையில் இருந்தால் வேகமாக அடிப்பார்கள், அதனால் கோல் தலைக்கு மேலே. இரண்டு பீச் பழக் கூடைகளை 10 அடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்தார். 13 விதிகள் எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. நாலு வருடம் கழித்து 1895-ல் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் வில்லியம் மார்கன், வயதானவர்களும் மூச்சிரைக்காமல் ஆடட்டும் என்று கைப்பந்தை உருவாக்கினார்.

இந்த இரண்டு கதையையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இடம் போதவில்லை, வகுப்பு அடங்கவில்லை, ஒரே டிரில் அலுத்துவிட்டது. வடசென்னைப் பள்ளிகள் இன்று சொல்லும் அதே மூன்று புகார்கள்! அவற்றுக்குப் பதிலாகத்தான் உலகின் இரண்டு பெரிய விளையாட்டுகள் வந்தன. கண்டுபிடித்த இருவரும் கிறிஸ்தவ நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய உடற்கல்வி ஆசிரியர்கள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் இங்கே உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரிதான் அது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் பக்தான். ஒலிம்பிக் வரை போன அந்த மனிதர் தன் வாழ்நாளைச் செலவழித்தது ஆசிரியர்களைத் தயாரிப்பதில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வீரர்களைத் தேடி எடுப்பது ஒரு வேலை. எல்லாப் பிள்ளைகளையும் விளையாட வைப்பது வேறு வேலை. இரண்டாவது வேலைக்குத்தான் ஆசிரியர் தேவை.

கத்தோலிக்கப் பக்கம் பார்த்தால் தொன் போஸ்கோ இருக்கிறார். சிறு வயதில் வித்தை காட்டியும் கயிற்றின் மேல் நடந்தும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டியவர். பிற்பாடு டூரின் நகரத்தின் ஆதரவற்ற பையன்களுக்காக அவர் நடத்திய இல்லத்தில் ஆலயம், பள்ளி, வீடு ஆகியவற்றோடு விளையாட்டு மைதானமும் சரிசமமாக இருந்தது. ஆசிரியர் மைதானத்தில் பையன்களோடு கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. அவருடைய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். ஆக, சி.எஸ்.ஐ. ஆனாலும் ஆர்.சி. ஆனாலும் "விளையாட்டு எங்கள் பாரம்பரியத்தில் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது வடசென்னையின் மண்ணுக்கு வருவோம். மண் என்று சொன்னது சும்மா இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகத்தைக் கடலுக்குள் கல் போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் அரித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை தேய்ந்துகொண்டே போனது. இன்று அங்கே பல இடங்களில் கடற்கரை என்பது கருங்கல் குவியலும் தூண்டில் வளைவும்தான். தென்சென்னைப் பிள்ளை மெரினாவில் கிரிக்கெட் ஆடுகிறது. வடசென்னைப் பிள்ளையின் மைதானம்தான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான் இருக்கும்.

தெருவில் ஆடலாமே என்றால், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். சந்துக்குள் ஆடலாமே என்றால், நிறுத்தி வைத்த பைக்குகள். காற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி அடித்து மாணவிகள் மூச்சுத்திணறி மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்ததும் மறுபடியும் அதேதான். வாயு எங்கிருந்து வந்தது என்று சோதனைகளில் உடனே பிடிபடவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பி.டி. டீச்சர் என்பவர் பந்து எடுத்துக் கொடுப்பவர் மட்டும் அல்ல. இன்று வெளியே ஓடவிடலாமா, உள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்கிறவர் அவராக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, யார் இன்ஹேலர் வைத்திருக்கிறார்கள், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், எவன் திடீரென்று ஒரு காலை இழுத்து நடக்கிறான், பந்தைப் பிடிக்க முடியாத பெண்ணுக்குக் கண்ணில் பவர் குறைவோ... இதையெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் ஆசிரியரால் பார்க்க முடியாது. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பு அசையும்போதுதான் உடம்பின் குறை தெரியும்.

இடமில்லை என்பதற்கு வருவோம். மெட்ரிக் பள்ளிகளுக்கு 2004-ல் அரசு விதித்த குறைந்தபட்ச இட அளவு, மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்டு. 14,400 சதுர அடி. அதில் கட்டடமும் அடக்கம். ஒரு முழுக் கால்பந்து மைதானத்துக்கு (105 மீட்டருக்கு 68 மீட்டர்) மட்டுமே 32 கிரவுண்டு வேண்டும்! ஆகவே ராயபுரத்தில் யாரும் கால்பந்து மைதானம் கேட்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கால்பந்து மைதானம் எதற்கு? அந்த வயதில் கற்க வேண்டியவை ஓடுவது, நிற்பது, தாவுவது, ஒற்றைக் காலில் சமாளிப்பது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, உருள்வது. கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான், ஒரு கிரவுண்டில் முக்கால் பங்கு கூட வராது. பாண்டி ஆடச் சுண்ணாம்புக் கட்டி போதும். நொண்டி, பச்சைக் குதிரை, ஐஸ் பாய், ஏழு கல் எல்லாமே சின்ன இடத்து ஆட்டங்கள்தான். ஒற்றைக் காலில் சமநிலை கற்றுத் தர பாண்டியை விடச் சிறந்த பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை எழுதியதில்லை.

பந்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். பீரியட் 40 நிமிடம். மாடிப்படி இறங்கி, வரிசை கட்டி, திரும்பி ஏற 10 நிமிடம் போய்விடும். மிச்சம் 30. வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு பந்து. தலைக்கு 45 நொடி. அந்த 45 நொடியும் சமமாகக் கிடைக்குமா? வலுவான நாலு பையன்கள் அந்த 30 நிமிடமும் பந்தோடு இருப்பார்கள், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இதுதான் ஆசிரியர் இல்லாத விளையாட்டு. பத்துப் பந்து இருந்து, நாலு நாலு பேராகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஏழரை நிமிடம். மைதானம் பெரிதாகவில்லை, பள்ளிக்கு இன்னொரு மாடி ஏறவில்லை. பிரித்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 'மியூசிக்கல் சேர்' போன்ற ஆட்டங்களில் யார் முதலில் அவுட்? மெதுவாக ஓடுகிறவர். யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போய் உட்கார வேண்டும். நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடிப் பரிசும் வாங்குகிறான். கணக்கு வராத பிள்ளையை முதல் கணக்கு தப்பானதும் வெளியே போகச் சொல்லும் கணக்கு டீச்சர் உண்டா? பயிற்சி பெற்ற ஆசிரியர் விதியைச் சற்றே மாற்றுவார், அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்பார். சின்ன மாற்றம்தான். அதைச் செய்ய ஒருவர் படித்திருக்க வேண்டும், அவருக்கு நேரமும் இருக்க வேண்டும்.

தண்டனை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டுப்பாடம் செய்யவில்லையா, "போய் கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு." பேசினாயா, "தோப்புக்கரணம் போடு." சேட்டை செய்தாயா, "இன்னிக்கு உனக்கு பி.டி. கிடையாது." அடிக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்ன பிறகு, பிரம்பின் இடத்துக்கு ஓட்டம் வந்துவிட்டது. ஓடுவது தண்டனை என்று ஆறு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை அறுபது வயதில் டாக்டர் சொன்னாலும் நடக்குமா? ஓட்டப்பந்தயத்தை ஆன்மிக வாழ்வுக்கு உவமையாகச் சொன்னவர் பவுல் அடியார். அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிகள் எத்தனையோ இருக்கும் நாட்டில், ஓட்டம் தண்டனையாகிவிட்டது!

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் கஷ்டம். பத்து, பதினோரு வயது வரை வீட்டில் விளையாட விடுவார்கள். அதன் பிறகு "பெரிய பொண்ணு ஆயிட்ட, தெருவுல என்ன ஆட்டம்?" என்று கதவு சாத்தப்படும். தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் லாரிக்குக் குடம் போடுவது எல்லாம் அப்போதே தலையில் ஏறிவிடும். சட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து பயிற்றுநர் தருகிறேன் என்கிறது. வீடு ஆறாம் வகுப்பிலிருந்து மைதானத்தை மூடுகிறது. தொடக்கப் பள்ளியில் ஐந்து வருடம் ஒரு பெண் ஆசிரியர் முறையாக விளையாடக் கற்றுக் கொடுத்திருந்தால், அந்தப் பெண் கதவு சாத்தப்படும்போது "எனக்கு பிராக்டிஸ் இருக்கு" என்று சொல்லவாவது ஒரு வாய்ப்பு இருக்கும். ராயபுரத்தின் பெண்கள் பள்ளிகளைக் கன்னியர்களும் மிஷனரிப் பெண்களும் நடத்தி வந்திருக்கிறார்கள் என்பதால் இந்த இடத்தில் அவர்களிடம் எதிர்பார்ப்பு கூடுவது இயல்பு.

வடசென்னையில் திறமை இல்லையா என்ன? வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் கேரம் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அப்பா ஆட்டோ ஓட்டுநர், அவரே பயிற்சியாளர். பெருமைதான். ஆனால் ஏன் கேரம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் பெருமையோடு வேறொன்றும் வருகிறது. ஒரு பலகை, ஒரு விளக்கு, நாலு பேர் உட்கார இடம். மைதானம் பறிபோன ஊர் ஒன்றுக்கு மிச்சமிருந்தது அந்தப் பலகை அளவு இடம்தான். அதிலேயே உலக சாம்பியன்கள் வருகிறார்கள் என்றால், ஓடத் தெரிந்த கால்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே சமயம், சாம்பியன் உருவாக்குவதற்காகத்தான் தொடக்கப் பள்ளியில் பி.டி. டீச்சர் வேண்டும் என்று வாதிட்டால் வாதம் தோற்றுவிடும். பள்ளிகளுக்கிடையேயான போட்டிகள் பெரும்பாலும் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் தொடங்குகின்றன. தொடக்கப் பிரிவு ஆசிரியர் எவ்வளவு உழைத்தாலும் தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு ஷீல்டு கிடைக்காது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜூனில் பிடிக்க முடியாத பந்தை டிசம்பரில் பிடித்தது என்பதற்கு எந்தக் கோப்பை? கண்ணுக்குத் தெரியாத வரவு என்பதால் நிர்வாகம் அதைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதுகிறது.

பெற்றோர் தரப்பையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஃபீஸ் கட்டி அனுப்புறது படிக்கவா, விளையாடவா?" என்று கேட்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை இல்லை. விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்ற காசு அது. அவருடைய பயம் நியாயமானது. ஆனால் பதிலும் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், பள்ளியில் உடல் இயக்கத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கிடைத்த தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேல் படிப்புக்கு நன்மை என்று காட்டின. மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாம் பாதிப்பில்லை என்றன. படிப்பு கெட்டது என்று காட்டியவை மிகச் சொற்பம். ஆகக் கடன் வாங்கிய பி.டி. பீரியடால் கணக்கில் மார்க் கூடிவிடும் என்பது நம்பிக்கைதான், கணக்கு அல்ல. இன்னொரு பக்கம், 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி தருவது 80, கடன் போக 40.

"கிளாஸ் டீச்சரே பார்த்துக்கொள்வாரே" என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். காலையிலிருந்து நின்று, 40 நோட்டு திருத்தி, புடவையோடு மதியம் இரண்டு மணி வெயிலில் இறங்கும் ஒருவர் நிழலில் நின்று "சண்டை போடாதீங்க" என்றுதான் சொல்வார். வேறென்ன செய்ய முடியும்?

கடைசியாகப் பணம். அதுதானே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது! ஒன்று முதல் ஐந்து வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்று 400 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். பிரிவுக்கு வாரம் இரண்டு பீரியட் என்றால் மொத்தம் 20. வாரத்துக்கு 28 பீரியட் எடுக்கக்கூடிய ஒரு முழுநேர ஆசிரியருக்கு அதன் பிறகும் 8 மிச்சம். அந்த எட்டில் நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும், மூன்று சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் தனியாக நேரம் ஒதுக்கலாம். அவருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் தலைக்கு 50 ரூபாய். சுயநிதிப் பள்ளிகளில் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரே ஒரு நாள் போட வாங்கச் சொல்லும் கலர் டி-ஷர்ட்டின் விலையில் சில மாதங்களை ஓட்டிவிடலாம்.

ஆனால் அரசு உதவி பெறும் மிஷன் தொடக்கப் பள்ளிகளில் இந்த 50 ரூபாயும் எளிதல்ல. அங்கே படிப்பவர்கள் இருப்பதிலேயே ஏழைப் பிள்ளைகள். வருடா வருடம் சேர்க்கை குறைகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் இல்லாமல் நிர்வாகமே சம்பளம் போடுவது சிரமம்தான். அங்கே கையை நீட்ட வேண்டியது அரசு. நீட்டிய முன்னுதாரணமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்டு 26 அன்று நகர்ப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த விரிவாக்க விழா நடந்த இடம் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பள்ளி, புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. பிள்ளை யாருடைய பள்ளியில் படித்தாலும் பசி ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அந்த உப்புமா, பொங்கல் சாப்பிட்டுவிட்டு வரும் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க, அதே பள்ளிக்கு ஒரு டி.பி.எட். பணியிடம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் தாளாளர்கள். 1920-ல் ஹாரி பக் தொடங்கிய கல்லூரி ராயபுரத்திலிருந்து ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறது.